வெர்னர் ஹைசன்பர்க்

வெர்னர் கார்ல் ஹைசன்பர்க் (டிசம்பர் 5, 1901 – பெப்ரவரி 1, 1976) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த கோட்பாட்டு இயற்பியலாளர் ஆவார். குவாண்டம் இயக்கவியலைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். 1932 ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றவர். ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேர, விரும்பிய அளவு துல்லியமாக வரையறுக்க இயலாது என்னும் அறுதியின்மைக் கொள்கையை இவர் 1927 இல் வெளியிட்டார்.

இக்கொள்கைக்கு இவருடைய தாய்மொழியான ஜெர்மனில் நான்கு பெயர்கள் வழங்கியுள்ளன. அவற்றுள் எது பொருத்தமானது என்னும் கேள்விக்குள், கொள்கையின் பொருள் என்ன என்னும் கேள்வியும் அடங்கியுள்ளது. ஆகவே இவருடைய வாழ்க்கையோடு அச்சொற்கள் உருவான விதமும் இங்கே தரப்படுகிறது.

பிறப்பும் குடும்பமும்

ஹைசன்பர்க் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை ஆகஸ்ட் ஹைசன்பர்க் பள்ளியில் செம்மொழிகள் கற்பித்து வந்தவர். 1910 இல் அவர் மியூனிக் பல்கலைக்கழகத்தில் இடைக்கால, தற்காலக் கிரேக்கப் பேராசிரியரானதால் குடும்பம் மியூனிக்குக் குடிபெயர்ந்தது. தாய் அன்னியின் தந்தையான நிக்கோலாஸ் வெக்லைன், பழங்கிரேக்க நாடகங்களைப் பதிப்பித்த அறிஞர். மியூனிக்கின் மாக்சிமிலியன் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். ஹைசன்பர்க் படித்ததும் அதே பள்ளியில்தான். இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்கும் அப்பள்ளியின் பழைய மாணவரே.

சொற்களின் வேரையும் வரலாற்றையும் ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவருக்குக் கணிதத்தில் நாட்டம் சென்றது. எனினும் கிரேக்க மொழியில் இவர் பெற்ற பயிற்சி வாழ்நாள் முழுதும் உடன்வந்தது. 1919 இல் மியூனிக்கில் அரசியல் கலவரம் நிகழ்ந்த நாட்களில் பிளேட்டோவின் தைமேயஸ் நூலைக் கிரேக்க மூலத்திலேயே படித்தார். அணுக்களை வடிவியல் உருவங்களாகக் காட்டும் அந்நூல் இவரைக் குழப்பியது, சிந்திக்கவும் வைத்தது. பியானோ வாசிப்பதிலும் தேர்ந்தவராக இருந்தார்.

கல்வி

1920 இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் சோமர்ஃபெல்டிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கு உடன் படித்த வுல்ஃப்காங் பௌலி இறுதிவரை இவருடைய நண்பராகவும் கடுமையான விமர்சகராகவும் விளங்கினார். 1922 இல் கோட்டிங்கன் நகரில் டென்மார்க் அறிஞர் நீல்ஸ் போர் நிகழ்த்திய தொடர் சொற்பொழிவுகளைக் கேட்கச் சென்ற இருபது வயது ஹைசன்பர்க், போரின் கருத்து ஒன்றை எழுந்து மறுத்தார். அவ்வுரையாடல் இருவரும் சேர்ந்து சென்ற நீண்ட நடையில் தொடர்ந்தது.

1923 இல் பாய்மங்களின் கொந்தளிப்பு ஓட்டத்தைப் பற்றிய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் பெற்றார். ஆனால் வாய்மொழித் தேர்வில் ஏறத்தாழத் தோற்றே போனார். செய்முறை இயற்பியல் பேராசிரியரான வில்ஹெல்ம் வீன், நுண்ணோக்கியின் பகுதிறன் எதைப் பொறுத்தது என்று கேட்டார். மிக அருகருகே உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் ஆற்றலே பகுதிறன் ஆகும். ஹைசன்பர்க்கால் விடை கூற முடியவில்லை. மின்கலம் வேலை செய்யும் விதத்தையும் விளக்க இயலவில்லை. சோமர்ஃபெல்டின் தலையீட்டால், தேர்ச்சிக்குரிய மூன்று தரங்களுள் கடைசித் தரம் கிடைத்தது. எப்போதும் வகுப்பில் முதலாவதாக வந்தவர் மனமுடைந்து, அன்று நள்ளிரவு இரயிலிலேயே கோட்டிங்கனுக்குப் புறப்பட்டார். தம்மை உதவியாளராக ஏற்றிருந்த மாக்ஸ் போர்ன், இன்னமும் தம்மை விரும்புகிறாரா என்று மறுநாள் காலை நேரில் சென்று கேட்டார். போர்ன் அவரைக் கைவிடவில்லை. நுண்ணோக்கி பற்றிய அக்கேள்வி நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தது.

ஹெல்கோலாந்து தீவு

1925 சூன் மாதம் மகரந்த ஒவ்வாமையால் முகம் வீங்கிய நிலையில், வடகடலில் உள்ள ஹெல்கோலாந்து என்னும் பாறைத் தீவுக்குச் சென்றார். அணுவுக்குள் எலக்ட்ரான் சுற்றும் பாதையை எவரும் கண்டதில்லை. அணு வெளியிடும் ஒளியின் அதிர்வெண்ணும் செறிவுமே அளக்கத்தக்கவை. ஆகவே பாதையை விட்டுவிட்டு அளக்கத்தக்கவற்றைக் கொண்டு மட்டுமே இயக்கவியலை அமைக்க முயன்றார். அதில் ஒரு விந்தை தோன்றியது. இரு அளவுகளைப் பெருக்கும்போது வரிசையை மாற்றினால் விடையும் மாறியது. இவை கணிதவியலார் முன்பே அறிந்திருந்த அணிகள் என்பதை மாக்ஸ் போர்ன் கண்டறிந்தார். போர்ன், பாஸ்குவல் யோர்டான் ஆகியோருடன் சேர்ந்து அவ்வாண்டே அணி இயக்கவியல் உருவாக்கப்பட்டது.

1926 இல் ஆஸ்திரியரான எர்வின் ஷ்ரோடிங்கர் அலை இயக்கவியலை வெளியிட்டார். அலையை மனக்கண்ணால் காண முடிந்ததால் பல இயற்பியலாளர்கள் அதனையே விரும்பினர். அணி இயக்கவியல் எதையும் காட்டாத வெறும் கணக்கு என்னும் குறை கூறப்பட்டது. அக்குறைக்கு மறுமொழியாகவே 1927 ஆம் ஆண்டுக் கட்டுரை எழுந்தது.

1927 ஆம் ஆண்டுக் கட்டுரை

1926 மே முதல் ஹைசன்பர்க் கோப்பன்ஹேகனில் போரின் உதவியாளராகப் பணியாற்றினார். 1927 பெப்ரவரியில் போர் பனிச்சறுக்கு விளையாட நார்வே சென்றிருந்தபோது, தனித்திருந்த ஹைசன்பர்க் தம் எண்ணங்களைப் பௌலிக்கு நீண்ட மடலாக எழுதினார். அதன் விரிவாக அமைந்த கட்டுரை மார்ச் மாதத்தில் சைட்ஷ்ரிஃப்ட் ஃபூர் ஃபிசிக் என்னும் ஆய்விதழுக்கு அனுப்பப்பட்டது.

எலக்ட்ரானின் இடத்தைக் காண அதன்மீது ஒளியைச் செலுத்த வேண்டும். நுணுக்கமாகக் காண வேண்டுமெனில் அலைநீளம் குறைந்த காமா கதிர் வேண்டும். அக்கதிரின் ஒரு துகள் மோதினாலே எலக்ட்ரானின் உந்தம் மாறிவிடும். இடத்தின் துல்லியம் கூடினால் உந்தத்தின் துல்லியம் குறையும். இரண்டிலும் உள்ள துல்லியக் குறைவுகளின் பெருக்கல், பிளாங்க் மாறிலி (6.626×10⁻³⁴ ஜூல்-விநாடி) என்னும் அளவை ஒட்டியதாக இருக்கும். இதன் சரியான கீழெல்லையை அதே ஆண்டில் ஏர்ல் கென்னார்ட் நிறுவினார். அது பிளாங்க் மாறிலியை 4π ஆல் வகுக்க வரும் எண் ஆகும்.

ஓர் அணுவின் பருமனுக்குள், அதாவது 10⁻¹⁰ மீட்டருக்குள், ஓர் எலக்ட்ரானை அடைத்தால் அதன் திசைவேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 580 கிலோமீட்டர் அளவுக்கு அறுதியின்மை இருந்தே தீரும். ஒரு கிராம் எடையுள்ள கோலிக்குண்டின் இடத்தை ஒரு மைக்ரோமீட்டருக்குள் அறிந்தால், அதன் திசைவேகத்தில் வரும் அறுதியின்மை விநாடிக்கு 5×10⁻²⁶ மீட்டர் அளவினதே. அன்றாட வாழ்வில் இக்கொள்கை எவர் கண்ணிலும் படாததற்குக் காரணம் இதுவே.

நார்வேயிலிருந்து திரும்பிய போர் கட்டுரையில் பிழை கண்டார். கதிர் மோதி உந்தத்தை மாற்றுவது மட்டும் போதாது. மாறிய உந்தத்தைக் கணக்கிட முடியாமற்போவதே முதன்மையானது. அதற்குக் காரணம், நுண்ணோக்கியின் ஆடி குறிப்பிட்ட அகலம் உடையதாதலால் கதிர் எக்கோணத்தில் உள்ளே வந்தது என்பது தெரியாமற்போவதாகும். அதாவது சிக்கல் பகுதிறனில் இருந்தது. 1923 இல் விடை கூறத் தவறிய அதே கேள்வியில் ஹைசன்பர்க் மீண்டும் இடறியிருந்தார். வாக்குவாதம் வாரக்கணக்கில் நீண்டது. ஒரு கட்டத்தில் ஹைசன்பர்க் கண்ணீர் விட்டார். முடிவில், அச்சுப்படி திருத்தும்போது கட்டுரையின் இறுதியில் ஒரு பின்குறிப்பைச் சேர்த்துப் போரின் திருத்தங்களை ஏற்றுக்கொண்டார்.

நான்கு சொற்கள்

கட்டுரையின் உடற்பகுதியில் இவர் பெரும்பாலும் பயன்படுத்திய சொல் 'உன்கெனௌயிக்கைட்' ஆகும். சில இடங்களில் 'உன்பெஷ்டிம்ட்ஹைட்' வருகிறது. பின்குறிப்பில் 'உன்ஸிஷர்ஹைட்' இடம்பெறுகிறது. இன்று ஜெர்மன் மொழியில் மிகவும் வழக்கில் உள்ளது 'உன்ஷெர்ஃபெ' என்பதாகும். (தமிழ் எழுத்துகளில் இவற்றின் ஒலிப்பை ஏறத்தாழவே காட்ட முடியும்.)

நான்கும் 'உன்' என்னும் எதிர்மறை முன்னொட்டில் தொடங்குகின்றன. இது நீதி–அநீதி என்னும் இணையில் காணப்படும் வடமொழி 'அ' முன்னொட்டோடு ஒரே மூலத்தைச் சேர்ந்தது. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் சொல்லின் இறுதியில், 'இன்மை' எனவோ 'ஆமை' எனவோ வரும். ஜெர்மனில் அது முதலிலேயே வந்துவிடுகிறது. எனினும் 'உன்' எப்போதும் இன்மையையே குறிக்கும் என்று கொள்ளக் கூடாது. 'வெட்டர்' என்றால் வானிலை. 'உன்வெட்டர்' என்றால் வானிலை இல்லாமை அன்று, புயல்மழை.

சொல்லின் மறுமுனையில் நிற்பது 'ஹைட்' அல்லது 'கைட்' என்னும் விகுதி. இது தமிழின் 'மை' விகுதி போலப் பண்புப்பெயரை ஆக்குவது. பழைய ஜெர்மனில் 'ஹைட்' தனிச்சொல்லாக நின்று நிலை, தன்மை எனப் பொருள்பட்டது. ஆங்கிலத்தில் 'சைல்ட்ஹுட்' என்பதன் 'ஹுட்' இதற்கு உறவுடையது. 'இக்' என முடியும் சொற்களோடு 'ஹைட்' சேர்ந்து ஒலித்ததால் 'கைட்' பிறந்தது. பின்னர் அது தனி விகுதியாகவே பிரிந்துவிட்டது.

இனி, நடுவில் உள்ள பகுதிகளைக் காணலாம்.

'கெனௌ' என்பதற்குத் துல்லியமான என்று பொருள். தொடக்கத்தில் இறுக்கமான, நெருக்கமான என்று பொருள்பட்டது. எனவே உன்கெனௌயிக்கைட் என்பது துல்லியமின்மை. குறை அளக்கும் கருவியின் பக்கம் இருப்பதாக இச்சொல் எண்ண வைக்கும்.

'ஸிஷர்' இலத்தீனின் 'செகூருஸ்' என்பதிலிருந்து வந்தது. கவலை அற்ற என்பது அதன் நேர்ப்பொருள். 'உன்' சேர்ந்ததும் கவலையற்ற நிலை இல்லாமை என்று இரட்டை எதிர்மறை ஆகிவிடுகிறது. இன்று உன்ஸிஷர்ஹைட் என்பது உறுதியின்மை, பாதுகாப்பின்மை, தயக்கம் ஆகிய மூன்றையும் குறிக்கும். இது அறிபவரின் மனநிலையைச் சார்ந்த சொல்.

'பெஷ்டிம்ட்' வரலாறு சுவையானது. 'ஷ்டிம்மெ' என்றால் குரல். அதிலிருந்து 'ஷ்டிம்மென்' என்னும் வினை பிறந்தது. குரல் கொடு, வாக்களி, இசைக்கருவிக்குச் சுதி கூட்டு என்பன அதன் பொருள்கள். 'பெ' முன்னொட்டுச் சேர்ந்து 'பெஷ்டிம்மென்', அதாவது தீர்மானி, வரையறு என்றானது. அதன் எச்சமே பெஷ்டிம்ட்: வரையறுக்கப்பட்ட. எனவே உன்பெஷ்டிம்ட்ஹைட் என்பது வரையறுக்கப்படாமை. கருவியோ மனமோ இங்கே பேசப்படவில்லை. பொருளுக்கே அந்த மதிப்பு தீர்மானமாக இல்லை என்கிறது இச்சொல். இதனோடு 'ரெலாட்சியோன்' (தொடர்பு) சேரும்போது இடையில் ஒரு 'ஸ்' தோன்றும். நம் இலக்கணத்தில் சாரியை செய்யும் வேலை அது.

'ஷார்ஃப்' என்பது கூர்மையான என்னும் பெயரடை. உயிரெழுத்துத் திரிந்து, 'எ' விகுதி பெற்று 'ஷெர்ஃபெ' (கூர்மை) ஆகிறது. உன்ஷெர்ஃபெ என்பது புகைப்படம் மங்கலாக விழுவதைக் குறிக்கும் அன்றாடச் சொல். பரவிக் கிடக்கும் அலையை எண்ணிப் பார்ப்பவர்க்கு இது எளிதில் விளங்கும்.

ஹைசன்பர்க் தேர்ந்தெடுக்காத சொற்களும் உள்ளன. 'உன்கெவிஸ்ஹைட்' அறிதல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. வித்தை, வேதம் ஆகிய சொற்களின் வேரும் அதுவே. அறியப்படாமை என்பது அதன் பொருள். 'ட்ஸ்வைஃபெல்' (ஐயம்) என்பதற்குள் 'ட்ஸ்வை', அதாவது இரண்டு, ஒளிந்திருக்கிறது. இருமடிப்பான மனம், தமிழில் இருமனம் என்பதைப் போல. 1926 இல் மாக்ஸ் போர்ன் அலைச்சார்புக்குத் தந்த விளக்கத்தின் மையச்சொல்லான 'வார்ஷைன்லிஷ்கைட்' (நிகழ்தகவு) என்பதைப் பிரித்தால் உண்மைபோல் தோன்றும் தன்மை என்று வரும்.

பெயர் பரவிய விதம்

ஹைசன்பர்க் பிற்காலத்தில் பெரும்பாலும் உன்பெஷ்டிம்ட்ஹைட் என்றே எழுதினார். துல்லியமின்மை என்னும் சொல்லிலிருந்து வரையறுக்கப்படாமை என்னும் சொல்லுக்கு அவர் நகர்ந்ததை, போருடன் நடந்த வாதத்தின் விளைவாகக் கருதலாம். கருவியைத் திருத்தினால் நீங்கிவிடும் குறையாக அவர் அதனைக் காணவில்லை.

ஆங்கிலத்தில் வேறொன்று நடந்தது. 1929 இல் ஹோவர்ட் ராபர்ட்சன் தம் ஆய்வுக்கட்டுரைக்கே 'அன்சர்ட்டன்டி' (நிச்சயமின்மை) என்னும் சொல் அமைந்த தலைப்பைச் சூட்டினார். ஹைசன்பர்க் 1929 இல் சிகாகோவில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1930 இல் ஆங்கில நூலானபோதும் அச்சொல்லே இடம்பெற்றது. பின்குறிப்பில் இருந்த உன்ஸிஷர்ஹைட்டுக்கு நெருக்கமான சொல் உலகெங்கும் நிலைத்தது.

தமிழில் இக்கொள்கை நிச்சயமின்மைக் கோட்பாடு, ஐயப்பாட்டுக் கொள்கை, அறுதியின்மைக் கொள்கை எனப் பலவாறு வழங்குகிறது. முதலிரண்டும் ஆங்கிலச் சொல்லின் சாயல் கொண்டவை. அறிபவரின் ஐயத்தைச் சுட்டுபவை. அறுதியின்மை என்பதே உன்பெஷ்டிம்ட்ஹைட்டுக்கு அருகில் நிற்கிறது. எலக்ட்ரானுக்கு ஓர் இடமும் ஓர் உந்தமும் உண்டு, நமக்குத்தான் தெரியவில்லை என்று மாணவர்கள் பலர் எண்ணுவதற்குப் பெயரும் ஒரு காரணம் எனலாம்.

லைப்சிக்

1927 அக்டோபரில், இருபத்தைந்து வயதில், லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஃபெலிக்ஸ் பிளாக், எட்வர்ட் டெல்லர், ருடால்ஃப் பையர்ல்ஸ் ஆகியோர் அங்கு இவரிடம் பயின்றனர். 1929 இல் அமெரிக்கா, ஜப்பான் வழியாக இந்தியாவுக்கும் வந்து, கல்கத்தாவில் இரவீந்திரநாத் தாகூரைச் சந்தித்தார். 1932 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு 1933 இல் வழங்கப்பட்டது.

நாட்சி ஆட்சியில் யூத அறிஞர்கள் பதவி இழந்தனர். ஹைசன்பர்க் யூதர் அல்லர். ஆயினும் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைக் கற்பித்தமையால், 1937 இல் எஸ்.எஸ். படையின் இதழ் இவரை யூதச் சிந்தனையைப் பரப்புபவர் என்று தாக்கி எழுதியது. இவருடைய தாய், எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரின் தாயை நேரில் கண்டு முறையிட்டார். நீண்ட விசாரணைக்குப் பின் 1938 இல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. எனினும் சோமர்ஃபெல்டின் பதவி இவருக்குக் கிடைக்கவில்லை. 1937 இல் எலிசபெத் ஷூமாக்கரை மணந்தார். ஏழு மக்கள் பிறந்தனர்.

போர்க்காலம்

1939 கோடையில் அமெரிக்கா சென்றபோது நண்பர்கள் அங்கேயே தங்கிவிடுமாறு வற்புறுத்தினர். ஹைசன்பர்க் நாடு திரும்பினார். செப்டம்பரில் போர் தொடங்கியதும் ஜெர்மானிய இராணுவத்தின் யுரேனிய ஆய்வில் சேர்க்கப்பட்டு, விரைவில் அதன் முதன்மை அறிஞரானார்.

1941 செப்டம்பரில், ஜெர்மனியின் பிடியில் இருந்த கோப்பன்ஹேகனுக்குச் சென்று போரைச் சந்தித்தார். என்ன பேசினர் என்பதில் இருவரும் பின்னர் வேறுபட்டனர். ஜெர்மனி அணுகுண்டு செய்ய முனைகிறது என்றே போர் புரிந்துகொண்டார். குண்டு செய்வது அறிஞர்களுக்குத் தகுமா என்னும் கேள்வியையே தாம் எழுப்ப முயன்றதாக ஹைசன்பர்க் போருக்குப் பின் கூறினார். இதனை மறுத்துப் போர் எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த மடல்கள் 2002 இல் வெளியாயின. அவர்களின் நட்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

1942 சூனில் அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பீருடன் நடந்த கூட்டத்திற்குப் பின், போர்க்காலத்துக்குள் குண்டு கிடைக்காது என்று அரசு முடிவு செய்தது. சிறிய அளவில் அணு உலை ஆய்வு மட்டும் தொடர்ந்தது. 1945 இல் ஹைகர்லோக் ஊரில், தேவாலயப் பாறைக்குக் கீழிருந்த நிலவறையில் 664 யுரேனியக் கட்டிகளைக் கன நீரில் தொங்கவிட்டு அமைத்த உலையில் தொடர்வினை நிலைபெறவில்லை.

1945 மே மாதம் அமெரிக்கப் படையினரால் பிடிக்கப்பட்டு, மற்ற ஒன்பது ஜெர்மானிய அறிஞர்களுடன் இங்கிலாந்தின் ஃபார்ம் ஹால் மாளிகையில் வைக்கப்பட்டார். அங்கே அவர்களின் பேச்சுகள் மறைவாகப் பதிவு செய்யப்பட்டன. அப்பதிவுகள் 1992 இல் வெளியாயின. ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா செய்தி வந்தபோது ஹைசன்பர்க் முதலில் நம்பவில்லை. குண்டுக்குத் தேவையான யுரேனியத்தின் அளவை அன்றிரவு மிக மிகையாகக் கணித்தார். ஒரு வாரத்துக்குள் சரியான அளவை நெருங்கிவிட்டார். போர்க்காலத்தில் அவர் அக்கணக்கை முறையாகச் செய்திருக்கவில்லை என்பதையே இது காட்டுகிறது. ஆயின் செய்யாமைக்குக் காரணம் மனச்சான்றா, தவறான மதிப்பீடா, ஆர்வக்குறைவா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் உடன்படவில்லை.

இதனை அவருடைய கொள்கையோடு ஒப்பிட்டு எழுதுவது வழக்கமாகிவிட்டது. மைக்கேல் ஃபிரெயின் 1998 இல் எழுதிய கோப்பன்ஹேகன் நாடகம் அவ்வகையில் புகழ்பெற்றது. ஒப்பீடு கவர்ச்சியானதே எனினும் சொற்களை வேறுபடுத்திப் பார்த்தால் நில்லாது. 1941 இல் ஏதோ ஒன்று பேசப்பட்டது. அது நமக்குத் தெரியவில்லை. ஜெர்மனில் அது உன்கெவிஸ்ஹைட், அறியப்படாமை.

பிற்காலம்

1946 இல் ஜெர்மனி திரும்பி, கோட்டிங்கனில் பின்னர் மாக்ஸ் பிளாங்க் இயற்பியல் நிறுவனம் எனப் பெயர் பெற்ற ஆய்வகத்தை நடத்தினார். 1958 இல் அந்நிறுவனம் மியூனிக்குக்கு மாறியது. 1953 முதல் 1975 வரை அலெக்சாண்டர் ஃபொன் ஹும்போல்ட் அறக்கட்டளையின் தலைவராக இருந்தார். 1957 இல் மேற்கு ஜெர்மனி அணு ஆயுதம் ஏந்துவதை எதிர்த்து அறிக்கை வெளியிட்ட பதினெட்டு அறிஞர்களுள் இவரும் ஒருவர். எல்லா அடிப்படைத் துகள்களையும் ஒரே சமன்பாட்டில் அடக்கப் பௌலியுடன் சேர்ந்து முயன்றார். 1958 இல் பௌலி விலகிக்கொண்டார். அம்முயற்சி வெற்றி பெறவில்லை.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 1955–56 இல் ஆற்றிய சொற்பொழிவுகள் இயற்பியலும் தத்துவமும் என்னும் நூலாயின. அன்றாட மொழியின் சொற்கள் அணுவுக்குப் பொருந்தாதபோது என்ன செய்வது என்னும் கேள்வியை அதில் விரிவாக ஆராய்ந்துள்ளார். தன்வரலாறான பகுதியும் முழுமையும் 1969 இல் வெளிவந்தது. 1970 இல் ஓய்வு பெற்றார். புற்றுநோயால் 1976 பெப்ரவரி 1 அன்று மியூனிக்கில் காலமானார். உடல் அந்நகரின் வால்ட்ஃப்ரீட்ஹோஃப் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது.